தூண்டில் ஈயம் வார்க்க மின் உருக்குக் கலம்: சூட்டுக் குமிழில் உள்ள எண்களை நம்பலாமா?

தூண்டிலுக்கும் வலைக்கும் வேண்டிய ஈயக்குண்டுகளை வீட்டில் வார்ப்பவர்கள் பலர் இரும்புச் சட்டியைக் கேஸ் அடுப்பில் ஏற்றியே உருக்குகிறார்கள். அதில் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று அறிய வழியில்லை. அதனால்தான் சுமார் நாலரைக் கிலோ ஈயம் கொள்ளும், அடியில் வார்ப்புமுனை உள்ள மின் உருக்குக் கலம் ஒன்றை வாங்கினேன். உருக்கும் வேலையை அது நன்றாகவே செய்கிறது. தீக்கொழுந்து இல்லை, அச்சை முனைக்குக் கீழே பிடித்தால் அடிப்பகுதியின் சுத்தமான ஈயம் இறங்குகிறது, கசடு மேலேயே நின்றுவிடுகிறது.

குறை, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழில்தான். அதில் பொறித்துள்ள எண்கள் வெப்பநிலையைக் காட்டுபவை அல்ல. கலம் நிறைந்திருக்கையில் 370 டிகிரி செல்சியஸில் நின்ற ஈயம், பாதிக்கு மேல் வார்த்துத் தீர்ந்ததும், குமிழைத் தொடாமலே 430 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. சூட்டை வாங்கிக்கொள்ள உள்ளே உலோகம் குறைந்துபோவதே அதற்குக் காரணம்.

இந்த வேறுபாடு சிறியதன்று. ஈயம் 327.5 டிகிரியில் உருகுகிறது. சிறு குண்டுகளுக்கு 350 முதல் 400 வரை போதும். அதற்கு மேல் ஏற ஏற மேற்பரப்பு விரைவாக ஆக்சைடாகிச் சாம்பல்நிறத் தூளாகிறது. 500 டிகிரியை நெருங்கும்போது நச்சுப்புகையும் கூடுகிறது. புகைக்கு அஞ்சுகிறவர்கள்கூடத் தூளைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கைவழியாக வாய்க்கும், உடைவழியாக வீட்டுக்குள்ளும் போவது அந்தத் தூள்தான். வாகனச் சக்கரங்களைச் சமநிலைப்படுத்தப் பொருத்தும் பழைய எடைகளை உருக்குவோருக்குச் சூட்டைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு: அவற்றினிடையே கிடக்கும் துத்தநாகத் துண்டுகள் 419 டிகிரிக்குக் கீழே உருகாமல் மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம், அதைத் தாண்டினால் உருகிக் கலந்து மொத்த ஈயத்தையும் கெடுத்துவிடும்.

ஆகவே ஈயத்துக்குள் மூழ்கும் கே வகை தெர்மோகப்பிளை, அதாவது இரு உலோகக் கம்பிகளால் ஆன வெப்ப உணரியை, தனியாக வாங்கியே ஆகவேண்டும். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி இதற்கு உதவாது. பளபளப்பான உலோகப் பரப்பு வெப்பக்கதிரைக் குறைவாகவே வெளிவிடுவதால், அது உண்மையைவிட மிகக் குறைந்த அளவைக் காட்டி நம்மை ஏமாற்றும். தெர்மோகப்பிளின் அளவைப் பார்த்துத் தானே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பிஐடி கருவியையும் சேர்த்துக்கொண்டால் குமிழைப் பற்றிய கவலையே இல்லை. இவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்து வாங்குபவர்களுக்கே இந்தக் கலத்தைப் பரிந்துரைப்பேன்.

எந்தக் கருவியும் தடுக்காத ஆபத்து ஈரம். உருகிய ஈயத்துக்குள் போகும் ஒரு சொட்டு நீர் நொடியில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிந்து, கலத்திலுள்ளதை முகத்தில் வாரி அடிக்கும். புதிய கட்டிகளைக் கலத்தின் விளிம்பில் வைத்து நன்றாகச் சூடேற்றிய பிறகே உள்ளே விடுங்கள். முகக்கவசமும் தோல் கையுறையும் அணியுங்கள். பேட்டரித் தகடுகளை வீட்டில் உருக்கவே கூடாது. சமையலறையும் குழந்தைகள் நடமாடும் முற்றமும் இதற்கு உரிய இடங்கள் அல்ல. பக்கங்கள் திறந்த தனிக் கொட்டகையே வேண்டும்.

வார்ப்புமுனை அவ்வப்போது சொட்டுவதால், கீழே உலர்ந்த இரும்புத் தட்டு ஒன்றை வைத்திருக்கிறேன்.