கோடு போட்டுப் பார்த்தால்தான் புரிகிறது

அமெரிக்கத் தொகுதிகளை நாமே வரைந்து பார்க்க உதவும் டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங் என்ற இலவச இணையக் கருவியில், மூன்று இரவுகளாக விஸ்கான்சின் மாநிலத்தை 8 தொகுதிகளாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். வண்ணம் தீட்டத் தீட்ட மக்கள்தொகைக் கணக்கும் கூடவே மாறுகிறது. வரைபடத்துக்கு 5 அளவுகோல்களில் மதிப்பெண் தருவதுதான் இதன் உயிர்நாடி.

மில்வாக்கியையும் மேடிசனையும் கச்சிதமாக வளைத்தேன். கச்சிதத்துக்கான மதிப்பெண் ஏறியது, விகிதாசாரத்துக்கானது, அதாவது வாக்குகளுக்கேற்ற இடங்கள் கிடைக்கின்றனவா என்பதற்கானது, சரிந்தது. ஜனநாயகக் கட்சியின் வாக்குகள் அந்த நகரங்களில் குவிந்துகிடப்பதால், ஓரிரு தொகுதிகளுக்குள்ளேயே அடங்கிவிடுவதே காரணம். 1812-ல் மாசசூசெட்ஸில் ஒரு கட்சிக்குச் சாதகமாக வரையப்பட்ட, நெளிந்து வளைந்த தொகுதியைக் கண்டு கொதித்தார்கள். அழகான வடிவமும் அநீதி இழைக்கும் என்பதை இங்கே கண்ணாலேயே பார்த்துவிட்டேன். மனம் கனத்தது.

கைபேசியில் முயல வேண்டாம், பெரிய திரையில் திறங்கள்.