மோனோ என்று சொல்லி கலர் கேமராவைத் தலையில் கட்டிவிட்டார்கள், ₹72,000 போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய எலக்ட்ரானிக் சாமான்கள் விற்கிற ஒரு ஆன்லைன் தளம். புகார் ஓடிக்கொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. அதில் கடை வைத்திருக்கிற ஒருத்தனிடம் விண்மீன் படம் எடுக்கும் கூல்டு மோனோ கேமரா, அதாவது சென்சாரைக் குளிரவைக்கிற கருப்பு வெள்ளைக் கேமரா வாங்கினேன். ₹72,000. வந்தது மோனோவே இல்லை.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்காக: கலர் கேமராவில் சென்சார் மேலேயே பிக்சலுக்குப் பிக்சல் சிவப்பு, பச்சை, நீலம் என்று வடிகட்டி ஒட்டியிருக்கும். நாலு பிக்சலில் ஒன்றுதான் சிவப்பு. மோனோவில் அது கிடையாது, முன்னால் எந்த ஃபில்டரைப் போடுகிறோமோ அந்த வெளிச்சத்தை எல்லாப் பிக்சலும் வாங்கும். நான் இருப்பது கோவை ஊருக்குள்ளே, நாலு பக்கமும் தெருவிளக்கு. மாடியில் நின்று நெபுலா, அதாவது விண்வெளி வாயு மேகம், எடுக்க வேண்டுமென்றால் ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பு ஒளியை மட்டும் விடுகிற எச்-ஆல்ஃபா ஃபில்டர் போட்டு, விளக்கு வெளிச்சத்தை வெளியே நிறுத்திவிட்டு ஹைட்ரஜனை மட்டும் உள்ளே விட வேண்டும். அதைக் கலர் சென்சாரில் செய்தால் முக்கால்வாசி பிக்சல் சும்மா உட்கார்ந்திருக்கும். மோனோ தேடினதே அதற்காகத்தான். புதிதாக வாங்கினால் வரி, கூரியர் எல்லாம் சேர்த்து லட்சத்தைத் தொடும் என்பதால் பழையதைத் தேடினேன்.

நம்பிக்கை எங்கே வந்தது தெரியுமா? போனில் பேசும்போது அவன் கேட்டான், "நம்ம ஊர்ல துருவ நட்சத்திரம் பதினோரு டிகிரி உயரத்துலதானே நிக்கும், பக்கத்து வீட்டு டேங்க் மறைக்குமேங்ண்ணா, எப்படி போலார் அலைன் பண்றீங்க?" போலார் அலைன் என்றால் டெலஸ்கோப்பைத் தாங்குகிற ஸ்டாண்டின் அச்சை வான துருவத்துக்கு நேராக வைப்பது. என் மாடியில் நிஜமாகவே டேங்க்தான் மறைக்கிறது. மாடியில் நின்று திண்டாடினவனுக்குத்தான் இந்தக் கேள்வி வாயில் வரும். "நம்பி எடுங்கண்ணா, நானும் கொசுக்கடி வாங்கிட்டு நிக்கறவன்தான்" என்றான். அந்தக் கேமராவிலேயே எடுத்தது என்று ரோசெட் நெபுலா படம் ஒன்று அனுப்பினான், கருப்பு வெள்ளையில், அருமையான படம். கூலிங் மைனஸ் 10 வரை இறங்குவதை வீடியோ எடுத்து அனுப்பினான். லேப்டாப் திரையில் வெப்பநிலை தெரிகிறது, கேமராவின் பெயர் வருகிற மேல் வரி மட்டும் தெரியாதபடி எடுத்திருக்கிறான். போதாததற்குத் தளமே 'சோதித்த பொருள்' என்று பச்சை முத்திரை குத்தியிருந்தது.

நான் வாங்கின கேமராவில் இருப்பது 533 என்கிற சென்சார். அதில் மோனோவும் உண்டு, கலரும் உண்டு. ரெண்டும் 3008-க்கு 3008 பிக்சல் சதுரம், வெளியே பார்த்தால் ஒரே உடம்பு, ஒரே விசிறி. பெயர் எம்எம் என்று முடிந்தால் மோனோ, எம்சி என்று முடிந்தால் கலர். என்னிடம் வந்ததில் எம்எம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, ஆனால் லேப்டாப்பில் சொருகினால் பெயர் எம்சி என்று முடிகிறது. உடனே போன் போட்டேன். "உள்ளே போர்டு மாத்தினதுங்ண்ணா, பேரு மட்டும் அப்படிக் காட்டும், சென்சார் மோனோதான். வானம் தெளியட்டும், எடுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க." வானம் மூடிக்கிடந்தது. திருப்பி அனுப்பக் கெடு மூன்று நாள். அந்த மூன்று நாளை மேகத்தை வைத்தே கடத்தியிருக்கிறான், கில்லாடி.

தெளிந்த அன்றைக்கு எச்-ஆல்ஃபா போட்டு ஐந்து நிமிட எக்ஸ்போஷர் ஒன்று எடுத்து 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். வலை! ஒரு பிக்சல் வெளிச்சம், சுற்றி மூன்று இருட்டு, இப்படியே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. நட்சத்திரங்கள்கூட கட்டம் கட்டமாக உடைந்து நிற்கின்றன. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடுங்க என்றான். போட்டேன். டிபேயர் (பிக்சல்களைச் சேர்த்துக் கலர் படமாக்கும் வசதி) ஆஃப் பண்ணுங்க என்றான். யோவ், ஆஃப் பண்ணினதால்தானே வலையே தெரிகிறது! ஃபில்டர் மட்டமானது என்றான். அதற்கப்புறம் போன் எடுப்பதில்லை, மெசேஜில் நீல டிக் மட்டும் விழுகிறது.

தளத்துக்காரர்கள் அவனுக்கு அண்ணன். படங்கள், ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் அனுப்பி விளக்கமாக எழுதினேன். கஸ்டமர் கேர் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், கேமரா ஆன் ஆகுது, போட்டோ வருதுல்ல சார்?" என்றார். வருதுங்க, கலர் கேமராவில் போட்டோ வராமல் என்ன? பாலுக்குக் காசு வாங்கிக்கொண்டு மோரை ஊற்றிவிட்டு, வெள்ளையாகத்தானே இருக்கிறது என்பது மாதிரி. மேலே பேச வேண்டும் என்றால் ஒரு மெயில் வந்தது: பொருள் இயங்கும் நிலையில் உள்ளது, கெடுவும் முடிந்தது, இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளவும், புகார் மூடப்பட்டது. ₹72,000-த்தை யாரோடு பேசித் தீர்ப்பது? போன் எடுக்காதவனோடா?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன். மேற்கில் ரோசெட் இறங்கிக்கொண்டே இருக்கிறது, இந்த சீசன் அவ்வளவுதான்.

வாங்குகிறவர்களுக்கு விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஜேபெக் படத்தைக் காட்டினால் நம்பாதீர்கள், ரா ஃபிட்ஸ் ஃபைல், அதாவது கேமரா தந்த மூலப் படக் கோப்பு, கேளுங்கள். அதன் ஹெடரில் (ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும் விவரக் குறிப்பில்) பேயர்பேட், ஆர்ஜிஜிபி என்று கலர் வடிகட்டியைக் குறிக்கும் சொல் ஏதாவது இருந்தால் அது கலர், பேச்சே வேண்டாம். வீடியோ காலில் கேமராவைக் கண் முன்னே சொருகச் சொல்லி, பெயர் வருவதைப் பாருங்கள். பகலிலேயே வெள்ளைத் துணியை டெலஸ்கோப் குழாய் வாயில் கட்டி ஒரு ஃபிளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் வெற்றுப் படம்) எடுத்துப் பெரிதாக்கினாலும் வலை தெரிந்துவிடும், எனவே 'வானம் தெளியட்டும்' என்று எவனாவது சொன்னால் அன்றைக்கே ரிட்டர்ன் போடுங்கள்.

அதே ஆள் அதே தளத்தில் இப்போது ஃபில்டர்களை மாற்றுகிற ஃபில்டர் வீலும், ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடுகிற 3 நானோமீட்டர் ஓ-த்ரீ ஃபில்டரும் விற்பனைக்குப் போட்டிருக்கிறான், அதே பச்சை முத்திரையோடு. கோவைப் பக்கம், டேங்க் கதை சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பான்.