மார்கழிக் குளிருக்கு வாழைத்தார் கவர்: யாருக்கு லாபம், யாருக்கு வீண் செலவு

தாளவாடி மாதிரி மேட்டுப் பகுதியில் ஜி-9 (கிராண்ட் நைன் ரகம்) வாழை வைத்திருந்து, கார்த்திகைக்குள் தார் தள்ளிவிட்டது என்றால் இந்தத் துணி கவரை வாங்கிப் போடுங்கள். போட்ட காசு காயின் தோலில் திரும்பி வந்துவிடும். மார்கழி, தையில்தான் தார் தள்ளப்போகிறது என்றால் கவரை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், அந்தப் பிரச்சினையே வேறு. கீழே சமவெளியில் கோபி, சத்தி, பவானிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

கவர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஜவுளிக்கடையில் சாமான் போட்டுத் தருவார்களே நான்-ஓவன் பை, அந்தத் துணியையே ரொம்ப மெல்லிசாக எடுத்து, நீளமான குழாய் மாதிரி தைத்திருப்பார்கள். மேலும் கீழும் திறந்திருக்கும். தாரின் காம்பில், முதல் சீப்புக்கு ஒரு சாண் மேலே வைத்துக் கட்டிவிட்டால் தார் முழுக்க உள்ளே போய்விடும், அடிப்பக்கம் காற்றுப் போக்குவரத்துக்குத் திறந்தே இருக்கும். வெள்ளையிலும் நீலத்திலும் கிடைக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஜல்காவ் பக்கம் வாழைக்காரர்களுக்குத் தாளவாடிக்காரர்களான எங்களைவிடக் கடுமையான குளிர். அங்கே இது பழகிய பொருள், ஸ்கர்ட்டிங் பேக் என்பார்கள். நம் ஊர்க் கடையில் அதே பேரைச் சொல்லிக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

குளிர் வாழையை என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் கவரின் வேலை புரியும். வாழைக்கு ஏற்ற சூடு 27 டிகிரிப் பக்கம். 16 டிகிரிக்குக் கீழே இறங்கினால் புது இலை வருவது நத்தை வேகமாகிவிடும், 13க்குக் கீழே போனால் காயின் தோலே அடிபடும். தோலுக்கு அடியில் பால் ஓடும் நாளங்கள் இருக்கின்றன, அந்தப் பால் குளிரில் உறைந்து பழுப்புக் கோடாகப் படிந்துவிடும். காயாக இருக்கும்போது வெளியே அவ்வளவாகத் தெரியாது. மேல்தோலை லேசாகச் சீவிப் பார்த்தால் தெரியும். பழுக்க வைக்கும்போதுதான் முழு வினையும் வெளியே வரும். மஞ்சள் ஏறாமல் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். வீட்டில் வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் கருத்துப்போகிறதே, அதே சங்கதிதான், இங்கே மரத்திலேயே நடக்கிறது.

திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுக்கும் மேலே இருக்கிற ஊர் எங்களுடையது. மார்கழி, தை இரவுகளில் 15 டிகிரிக்குக் கீழே போவது எங்களுக்குப் புதிதில்லை. பனி வேறு விடியும்வரை சொட்டும். குளிர்காலத்தில் வெட்டுகிற தாருக்கு எப்போதும் விலை குறைத்துத்தான் கேட்பார்கள். காய் வாங்க வருகிற வியாபாரி ஒரு சீப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, தோல் வெளுத்துக் கெடக்குதுங்க, இதைப் பழுக்கப் போட்டா கலரு வராதுங்க" என்று சொல்லும்போது நமக்குப் பதில் சொல்ல வாயிருக்காது. பத்துப் பதினோரு மாதம் தண்ணி கட்டி, மண் அணைத்து, காற்றுக்கு முட்டுக் கொடுத்து வளர்த்த மரம். கடைசி மூன்று மாதக் குளிரில் அதன் விலை போகிறது என்றால் மனசு கேட்பதில்லை, அதற்காகத்தான் இந்தக் கவரை வாங்கினேன்.

ஒரே வரிசையில் ஒன்று விட்டு ஒன்று கவர் போட்டுவிட்டு மற்றதைச் சும்மா விட்டேன். உரம், தண்ணீர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று சாதாரண வெப்பமானியையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். விடியற்காலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் ஏதோ கம்பளி போர்த்துகிற மாதிரிச் சொல்லி விற்கிறார்கள். இவ்வளவு மெல்லிய துணி இராக்குளிரைத் தடுக்காது. பொழுது ஏறினால்தான் கவரின் வேலை தெரிகிறது. வெயில் பட்டவுடன் உள்ளே சீக்கிரம் சூடேறிவிடுகிறது, மலையிலிருந்து இறங்குகிற வாடைக்காற்று அந்தச் சூட்டை அடித்துக்கொண்டு போவதில்லை. பனியும் நேராகக் காயில் இறங்குவதில்லை. இந்த இரண்டுமே போதுமானதாக இருக்கிறது.

வெட்டும்போது பார்த்தால் கவர் போட்ட தாரின் காய் ஒரே பச்சையாக, கீறல் இல்லாமல் இருந்தது. பக்கத்துத் தாரில் இலை உரசிய தழும்பும் வெளுப்பும். கவருக்குள் இருந்தது சில நாள் முன்னாலேயே முற்றிவிட்டது. சாதாரணமாக மூன்று மாதத்தில் முற்றுகிற தார் குளிரில் நாலு மாதத்தையும் தாண்டி இழுக்கும் என்பது வாழை வைத்த எல்லாருக்கும் தெரியும், அதில் சில நாள் குறைந்தாலும் லாபம்தான். எடை கூடும் என்றும் விற்பவர்கள் சொல்கிறார்கள். என் தராசில் அப்படிச் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் தெரியவில்லை, எடைக்காக இதை வாங்காதீர்கள்.

இப்போது குறைகள். முதல் குறை துணியின் கனம். 17 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 17 கிராம்) என்று சொல்லித்தான் எல்லாரும் விற்கிறார்கள், ஆனால் ஒரு கடையில் வாங்கிய கட்டு கையில் பிடித்தாலே கொசுவலை மாதிரி இருந்தது, தை மாதக் காற்றில் இலை உரசியே நார் நாராகக் கிழிந்துவிட்டது. இன்னொரு இடத்தில் வாங்கியது அதே விலைதான், அறுவடை வரைக்கும் தாங்கியது. வாங்கும்போது ஒரு கவரைப் பிரித்துத் தையல் ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். வெயில் தாங்கும் மருந்து ஏற்றிய துணியா என்றும் கேளுங்கள், இல்லாவிட்டால் ஒரே பருவத்தில் பொடிந்து உதிரும். நீளமும் முக்கியம். ஜி-9 தார் ஒன்பது பத்துச் சீப்பு வைத்தால் சின்ன அளவுக் கவருக்கு வெளியே கடைசி இரண்டு சீப்பும் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் அந்த இரண்டு சீப்புக்கு மட்டும் விலை பேச வேண்டி வரும்.

விலை, ஒரு கவருக்குப் பத்து ரூபாயிலிருந்து இருபதுக்குள் கேட்கிறார்கள், மொத்தமாக எடுத்தால் குறைகிறது. கட்டுகிற ஆள் கூலியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏணி வைத்து ஏறிக் கட்ட வேண்டும், அவசரத்தில் இழுத்தால் பிஞ்சுக் காயின் நுனி முறியும்.

பாலித்தீன் கவர் இதைவிட மலிவு, அது வேண்டாம் என்பேன். ஓட்டை இல்லாத பாலித்தீனுக்குள் வேர்த்து வேர்த்துத் தண்ணீர் கோத்துக்கொள்ளும், காய் நுனி அழுகும், மத்தியான வெயிலில் மேல் சீப்பு வெந்தும் போகும். துணிக்கு மூச்சு உண்டு. எங்கள் அப்புச்சி காலத்தில் வாழைச் சருகையே சுற்றிக் கட்டினார்கள், இன்றும் நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். வெயிலுக்கு அது நல்ல வழி. ஆனால் காற்றில் சருகு காயை உரசிக்கொண்டே இருக்கும், பூச்சியும் அதற்குள் குடியிருக்கும்.

எப்போது போடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடைசிச் சீப்பு விரிந்து, வாழைப்பூவை உடைத்து, காய் மேல்நோக்கித் திரும்ப ஆரம்பித்ததும் போட்டுவிட வேண்டும். காய் பாதி பருத்த பிறகு போட்டால் அதற்குள் பட்ட தழும்பு போகாது. இலைப்பேனுக்கோ நோய்க்கோ மருந்து அடிப்பதாக இருந்தால் முதலில் அடித்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் கவர். தாரில் உரசுகிற இலையை அறுத்துவிடுங்கள், ஆனால் கண்டபடி இலையைக் கழிக்காதீர்கள், குளிரில் புது இலை வருவதே அபூர்வம். மாவுப்பூச்சியும் எறும்பும் உள்ளே சேரும், நடுவில் ஒரு தடவை கீழிருந்து தூக்கிப் பாருங்கள்.

மார்கழியில் தார் தள்ளுகிற மரத்துக்கு வருகிறேன். குளிரில் தண்டு நீளாது, தார் வெளியே வர வழியில்லாமல் மரத்தின் கழுத்திலேயே சிக்கிக்கொள்ளும், பாதி வந்தும் வராமலும், சில சமயம் பக்கவாட்டில் மட்டையைக் கிழித்துக்கொண்டும் வரும். அதற்கு எந்தக் கவரும் மருந்தில்லை. வைகாசி, ஆனியில் நட்ட ஜி-9 கன்றுதான் சரியாக மார்கழி, தையில் தார் தள்ளும். பங்குனி, சித்திரையில் நட்டால் ஐப்பசி, கார்த்திகையில் தள்ளிவிடும், அந்தத் தார்தான் கவருக்கு ஏற்றது. ஆடியில் நட்டால் தார் வெளியே வருவது என்னவோ வெயில் காலத்தில்தான், ஆனால் தண்டுக்குள் தார் உருவாகிற நேரம் குளிரில் மாட்டும், சீப்பு குறையும். ஆகவே எங்கள் மாதிரி மேட்டுக்காரர்களுக்கு முதல் மருந்து நடவு மாதம், கவர் அதற்குப் பிறகுதான்.

இலைப்புள்ளி நோய்க்கும் கவருக்கும் சம்பந்தமே இல்லை, அது தனி வைத்தியம். பனிக்காலத்தில் இலை ஈரமாகவே இருப்பதால் சிகடோகா என்கிற அந்த இலைப்புள்ளி நோய் வேகமாகப் பரவும், நோய் வந்த இலையை அறுத்து எரிப்பதையும் மருந்தையும் விட்டுவிடக் கூடாது. குளிர் இரவில் மண் ஈரமாக இருப்பதும் நல்லது, காய்ந்த மண்ணைவிட ஈர மண் பகல் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைத்திருந்து இரவில் விடும். வாடை வருகிற பக்கம் சவுக்கோ அகத்தியோ ஒரு வரிசை இருந்தால் கவருக்கும் ஆயுசு கூடும்.

கோபியில் மாமா கதளியும் நேந்திரமும் வைத்திருக்கிறார். இந்தக் கவரைக் காட்டினேன். "நமக்கு எதுக்குக் கண்ணு இது, நேந்திரத்தைச் சிப்ஸுக்குத்தானே வாங்கறாங்க, தோலைச் சீவித்தானே போடப்போறாங்க" என்றார். அவர் சொன்னது சரி. சமவெளியில் காய் கருக்கிற அளவுக்குக் குளிர் வருவது அபூர்வம், சிப்ஸுக்குப் போகிற நேந்திரத்துக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிற ஜி-9, செவ்வாழை வைத்திருந்தால் குளிருக்காக இல்லாவிட்டாலும் தழும்பு இல்லாத தோலுக்காகப் போடலாம்.

ஒரு வேண்டுகோள். இது துணி என்று பேர், உண்மையில் பிளாஸ்டிக்தான், மக்காது. எங்களுக்குத் தோட்டத்து வரப்பைத் தாண்டினால் புலிகள் காப்பகக் காடு, யானையும் மானும் வருகிற இடம். கிழிந்த கவரைக் காற்றில் விட்டுவிடாதீர்கள். வெட்டும்போதே ஆளிடம் சொல்லி எண்ணி வாங்கி, நல்லதை அலசிக் காயவைத்து நிழலில் கட்டி வையுங்கள், நல்ல துணியாக இருந்தால் அடுத்த பருவத்துக்கும் வரும். புதிதாக வாங்குபவர்கள் புரட்டாசியிலேயே கடையில் சொல்லி வைத்துவிடுங்கள். கார்த்திகையில் போய் நின்றால் சின்ன அளவுதான் மிச்சம் இருக்கும்.