வேளச்சேரிக்கு ஆர்.ஓ. சரி, மாம்பலத்துக்கு எதற்கு?

மேற்கு மாம்பலத்தில் உள்ள அம்மா வீட்டுக்கு வாட்டர் ஃபில்டர் விற்க வந்த இளைஞர், சமையலறை மேடையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீர். மற்றொன்றில் அவரே பாட்டிலில் கொண்டுவந்திருந்த, மெஷினில் உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர். உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு கருவியை இரண்டிலும் இறக்கிப் பிளக்கில் சொருகினார். அரை நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் துருவின் நிறத்துக்கு மாறி, மேலே அழுக்கு நுரை கட்டியது. ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. "பாத்தீங்களாம்மா, இதைத்தான் இத்தனை நாளா குடிச்சிட்டிருக்கீங்க" என்றார். அம்மாவுக்கு முகமே வெளிறிவிட்டது.

நான் ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கி, மறுபடியும் சொருகச் சொன்னேன். அதுவும் அதே நிறத்துக்கு வந்தது. டம்ளரில் மிதந்தது தண்ணீரில் இருந்த அழுக்கு அன்று. கருவியின் இரும்புக் கம்பிதான் மின்சாரத்தில் கரைந்து துருவாகத் திரண்டிருந்தது. உப்பு கரைந்த நீரில் மின்சாரம் பாயும், உப்பு நீக்கிய நீரில் மிகக் குறைவாகவே பாயும் என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் காட்டுவதில்லை. இளைஞர் ஒன்றும் பேசாமல் கருவியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வேளச்சேரியில் எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக ஆர்.ஓ. மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் அடுக்ககத்தின் போர் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 1,300 மில்லிகிராமை ஒட்டியே எப்போதும் இருக்கிறது. குளியலறைக் குழாய்களின் வாயில் வெள்ளையாக உப்புப் படிகிறது, பருப்பு வேகவே மறுக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். 500 வரை இருப்பதை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. புழல், செம்பரம்பாக்கம் போன்ற ஏரிகளின் நீரோடு வீராணம் நீரும், கடல்நீரிலிருந்து எடுக்கப்படும் நன்னீரும் சேர்ந்து வரும் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர், அம்மா வீட்டில் டி.டி.எஸ். மீட்டரில் 310 காட்டியது. ஒரே நகரத்துக்குள், சில கிலோமீட்டர் இடைவெளியில், இவை இரண்டும் வெவ்வேறு தண்ணீர். ஒரே மெஷினை இரண்டு வீட்டுக்கும் பரிந்துரைப்பவர் தண்ணீரைப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

ஆர்.ஓ. மெஷினின் உயிர் அதன் மெம்பிரேன் என்னும் சவ்வு. அழுத்தத்தோடு நீரைத் தள்ளினால், உப்புகளையும் ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவற்றில் பெரும்பகுதியையும் தடுத்து, நல்ல நீரை மட்டும் அது உள்ளே விடுகிறது. தடுத்த உப்பை எங்காவது கொண்டுபோக வேண்டும் என்பதால் ஒரு பகுதி நீர் கழிவாகிறது. எங்கள் மெஷினில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் வெளியேறுகிறது. வீட்டு மெஷின்கள் பலவற்றிலும் கணக்கு இதை ஒட்டித்தான் இருக்கும். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் பிடித்தால், ஓராண்டில் கழிவு மட்டும் 10,950 லிட்டர். சென்னையில் ஓடும் ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியைவிட அது அதிகம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வில்லிவாக்கத்துக்குக் கொண்டுவந்ததைப் பார்த்த ஊரில், 310 டி.டி.எஸ். உள்ள நீரை ஆர்.ஓ.-வில் விட்டு முக்கால் பங்கைச் சாக்கடைக்கு அனுப்புவதை நியாயப்படுத்த என்னால் இயலவில்லை. டி.டி.எஸ். 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்யுமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதும் அதே 2019-இல்தான். வேளச்சேரியில் நாங்கள் கழிவுக் குழாயை வாளியில் விட்டு, வீடு துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துகிறோம். செடிகளுக்கு ஊற்றிப் பார்த்ததில் துளசி கருகியது, உப்பு அவ்வளவு.

விலையைவிட என்னை அலைக்கழித்தது பராமரிப்புதான். பெயர் சொல்ல விரும்பாத ஒரு சர்வீஸ் நிறுவனத்தோடு ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தோம். மூன்றாம் ஆண்டில் வந்த மெக்கானிக், மெம்பிரேன் போய்விட்டது என்று புதியதை மாட்டிப் பணம் வாங்கிக்கொண்டார். மாற்றுவதற்கு முந்தைய நாள் நான் குறித்து வைத்திருந்த கணக்கில் வெளிவந்த நீர் 90 காட்டியது. 1,300-ஐ 90 ஆக்கும் மெம்பிரேனில் என்ன கோளாறு இருக்க முடியும்? அதன்பின் மாதம் ஒருமுறை உள்ளே போகும் நீரின் டி.டி.எஸ்.ஸையும் குடிக்க வெளிவரும் நீரின் டி.டி.எஸ்.ஸையும் அளந்து நாட்காட்டியில் எழுதிவிடுகிறேன். குடிக்கும் நீரின் டி.டி.எஸ். மெல்ல மெல்ல ஏறினால் மெம்பிரேனைப் பற்றி யோசிக்கலாம். நீர் சொட்டுச் சொட்டாக வந்தால் முதலில் மண்ணையும் தூசியையும் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் ஃபில்டர் நான்கு மாதத்தில் பால்கோவா நிறத்துக்கு வந்துவிடுகிறது.

அம்மா வீட்டுக்கு வருவோம். மீட்டர் 310 காட்டியதும் நிம்மதியாக விட்டிருந்தால் தவறு செய்திருப்பேன். டி.டி.எஸ். மீட்டர் நீரின் மின்கடத்தலை வைத்து உப்பைக் கணிக்கிறதே தவிர, ஒரு கிருமியையும் அது காணாது. சாக்கடை கலந்த நீரும் அதில் 310 காட்டக்கூடும். ஆகவே, ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைப் பாட்டில்கள் இரண்டு வாங்கினேன். குறியிட்ட அளவு வரை நீரை ஊற்றி மூடி, அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். மலக்கழிவிலிருந்து வரும் கிருமிகள் இருந்தால் நீர் கறுத்துவிடும். தெருவிலிருந்து வரும் மெட்ரோ குழாயில் நேரடியாகப் பிடித்த நீர் நிறம் மாறவில்லை. சம்ப் எனும் தரைக்கடித் தொட்டியிலிருந்து மோட்டார் ஏற்றி, மாடித் தொட்டி வழியாக வந்த நீர் மறுநாள் மாலைக்குள் மை போலக் கறுத்தது. வாரியம் குளோரின் கலந்து அனுப்பிய நீர் எங்கள் வாசலைத் தாண்டிய பிறகுதான் கெட்டிருக்கிறது. ஆள் வைத்துச் சம்ப்பை இறைத்துப் பார்த்தபோது, கழிவுநீர் அறையை ஒட்டிய சுவரில் விரிசல் தெரிந்தது.

பூசி, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது பாட்டில் தெளிவாக இருந்தது. இருந்தாலும் எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர் வீட்டில் ஒரு காப்பு வேண்டும் என்று யூ.எஃப்., யூ.வி. இரண்டும் சேர்ந்த மெஷினை வாங்கினோம். யூ.வி. எனும் புற ஊதா ஒளி கிருமிகளைப் பெருக விடாமல் செய்யும். ஆனால் கலங்கலான நீரில் துகள்களின் நிழலில் கிருமிகள் தப்பிவிடும். யூ.எஃப். சவ்வு மெல்லிய குழல்களின் கற்றை; கலங்கலையும் பாக்டீரியாவையும் பிடித்துக்கொள்ளும், உப்பைத் தொடாது, தனியாக இருந்தால் மின்சாரமும் கேட்காது. முதலில் யூ.எஃப்., பிறகு யூ.வி. என்ற வரிசை அதனால்தான் பொருந்துகிறது. கழிவு நீர் கிடையாது, எப்போதாவது யூ.எஃப். சவ்வை அலசி விடும் நீர் மட்டும்தான்.

வாங்கும்போது நான் கறாராகக் கேட்டது ஒன்று: சேமிப்புத் தொட்டி இல்லாத மாடல். பெரும்பாலான மெஷின்களில் உள்ள கார்பன் ஃபில்டர், வாடையோடு சேர்த்துக் குளோரினையும் உறிஞ்சிவிடுகிறது. அதன்பின் பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு நாள் தேங்கும் நீருக்குக் காவலே இல்லை. அம்மா ஊருக்குப் போய்த் திரும்பும் நாள்களை நினைத்தால் இது சிறிய விஷயம் அன்று.

மின்சாரமே வேண்டாத ஃபில்டர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பியூரிட் என்ற ஃபில்டர் 2004-இல் முதன்முதலில் விற்பனைக்கு வந்ததே சென்னையில்தான். மேலே ஊற்றினால் கீழே இறங்கும் அந்த வகை, கிருமி நீக்கும் கிட்டை உரிய நேரத்தில் மாற்றுபவர்களுக்கு மெட்ரோ தண்ணீரில் நன்றாகவே உழைக்கும். பழைய எவர்சில்வர் கேண்டில் ஃபில்டர் கலங்கலை நன்றாக நீக்கும், வைரஸைத் தடுக்கும் என்று நம்பக்கூடாது. வடித்ததைக் கொதிக்கவைத்துவிட்டால் கவலையில்லை. போர் தண்ணீரின் உப்புக்கு இந்த இரண்டுமே ஆகாது.

வேளச்சேரி மெஷினில் இன்னொரு வேலை மிச்சமிருந்தது. டி.டி.எஸ். 20-க்கு வரும்படி மெக்கானிக் வைத்துவிட்டுப் போயிருந்தார். மீட்டரில் பார்க்க அழகாக இருக்கும், குடித்தால் சப்பென்று இருக்கும். கொஞ்சம் மூல நீரைக் கலக்கும் ஸ்குரூ ஒன்று உள்ளே உண்டு. கலந்த நீரும் யூ.வி. வழியாகத்தான் வருகிறதா என்று குழாயைத் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, 100-க்குக் கொண்டுவந்தேன். ஏப்ரலில் அடுக்ககத்தில் லாரித் தண்ணீர் கலந்ததும் அது 60-க்கு இறங்கியது. மறுபடி அரைச் சுற்று. மீட்டரும் சிறிய ஸ்குரூ டிரைவரும் இப்போது சமையலறை டிராயரில் கரண்டிகளோடு கிடக்கின்றன.