கையில் மீட்டர் இல்லாமல் "பேட்டரி போயிடுச்சு" என்பவரிடம் உஷார்

காரில் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் 250 ரூபாய் எர்த் கேபிள் ஒன்றுக்குப் பதிலாக 12,900 ரூபாய் தண்டம் அழுதிருக்கிறேன். இன்னும் 18,000 போயிருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பியது.

மழை பெய்தால் வேளச்சேரியில் எங்கள் தெருவில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன மழையில் என் பழைய சின்ன காரின் டயர் பாதி வரை இரண்டு நாள் முங்கிக் கிடந்தது. சீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை, வடிந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆனது. சரி, பிழைத்தோம் என்று விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். இஞ்சின் அசையவே இல்லை.

மெயின் ரோட்டில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு போன் செய்தேன். பேர் சொல்லவில்லை, அந்த வட்டாரத்தில் இருப்பவர்கள் யூகித்துக்கொள்ளலாம். வந்தவர் பானெட்டைத் திறந்தார், பேட்டரியை ஒரு தட்டு தட்டினார். "செல் டெட் சார், வயசாயிடுச்சு." வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை என்றேன். "இப்போ வர்றதெல்லாம் அப்படித்தான் சார்." 4,700 ரூபாய்க்குப் புதிதாக ஒன்றை மாட்டினார், வண்டியும் சட்டென்று கிளம்பியது. பழைய பேட்டரியை அவரே எடுத்துக்கொண்டு போனார். அதற்கென்று பில்லில் ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை என்பதை இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். அதுவும் பில் இல்லை, துண்டுச்சீட்டு.

அந்த இரண்டாவது வாரம்தான் மறுபடியும் அதே 'டக்'. அத்தையை அழைத்துவர தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிளம்பிய நேரம். ஆட்டோவுக்கு அலைந்ததையும் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் விடுங்கள். இந்த முறை அவர் சொன்னது, "செல்ஃப் போயிடுச்சு சார்." அதாவது இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார். செல்ஃப் மோட்டார் 6,800, கூலி 1,400. மாட்டியதும் ஸ்டார்ட் ஆனது. எட்டு நாள் ஓடியது.

மூன்றாவது முறை மனிதர் சளைக்காமல் சொன்னார்: "ஈசிஎம்ல தண்ணி போயிருக்கும் சார், 18,000 ஆகும்." ஈசிஎம் என்றால் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். அதுவரைக்கும் ஒரு முறைகூட அவர் கையில் வோல்ட் அளக்கும் மீட்டரை நான் பார்க்கவில்லை.

அப்பாதான் ஊரிலிருந்து போனில் கேட்டார், "ஹாரன் கத்துதா?" அம்பாசடர் காலத்து ஆள். அடித்துப் பார்த்தேன், தெருவே திரும்பிப் பார்த்தது. "அப்போ பேட்டரிக்கு என்னடா கேடு?" என்றார். அப்போதுதான் உறைத்தது. சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட்டும் மங்கவில்லை. முதல் நாளிலிருந்தே மங்கவில்லை.

நண்பர் ஒருவர் சொல்லி, வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துவந்தோம். நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுக்கச் சொன்னார். பேட்டரியில் மீட்டர் வைத்தார், 12.6 வோல்ட். சாவியைத் திருப்பியபோதும் 12.2 வரைதான் இறங்கியது. பேட்டரி சொத்தையாக இருந்தால் அந்த நேரத்தில் பத்துக்கும் கீழே விழுந்துவிடும். அப்புறம் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இஞ்சின் இரும்பிலும் வைத்து, "இப்போ திருப்பு தம்பி" என்றார். ஆறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அங்கே அரை வோல்ட்கூட வரக்கூடாதாம். செல்ஃபுக்குப் போக வேண்டிய வோல்ட்டில் பாதி வழியிலேயே தொலைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஜம்ப்பர் கேபிள் ஒன்றை எடுத்து மைனஸையும் இஞ்சினையும் நேராக இணைத்தார். அரை நொடியில் ஸ்டார்ட். பாடியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற எர்த் கேபிளைக் கழற்றிக் காட்டினார். முனை உள்ளே பச்சை பூத்து, கம்பிகள் பொடியாக உதிர்ந்தன. மழைத் தண்ணீர் செய்த வேலை. லைட்டும் ஹாரனும் பாடியிலிருந்தே எர்த் எடுப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. செல்ஃபுக்குத்தான் நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும், அது இந்தக் கேபிள் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும்.

"அப்போ ரெண்டு தடவ ஸ்டார்ட் ஆச்சே அண்ணே?" என்று கேட்டேன். செல்ஃபைக் கழற்றும்போது கேபிள் அசைந்து கொஞ்ச நாளைக்குப் பிடித்துக்கொண்டது, பேட்டரி மாற்றியபோது தானாகவே பிடித்திருக்கும் என்றார். கிளட்ச் கேபிளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், வெதுவெதுப்பாக இருந்தது. எர்த் கிடைக்காத கரண்ட் அந்த வழியாகத் திரும்புமாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அது உருகியிருக்கும். ஒரு மாதமாகக் கிளட்ச் இறுகிக் கிடந்ததற்கும் அதுதான் காரணம் என்றார்.

கேபிள் 250, கூலி 300. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் பார்த்துவிட்டார். இஞ்சின் ஓடும்போது 14.1 வோல்ட், அங்கே குறை எதுவும் இல்லை.

போகும்போது "புது" செல்ஃபைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார், "இது எவ்வளவுக்குத் தம்பி?" தொகையைச் சொன்னதும் சிரித்தார். போல்ட் தலைகளில் ஸ்பானர் தேய்ந்த தழும்பு, அதன்மேல் பளபளவென்று கறுப்புப் பெயின்ட். பழைய சரக்கு.

உங்கள் வண்டியும் இப்படி நின்றால் முதலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். லைட் செத்துப்போனால், அல்லது 'டக்டக்டக்' என்று அடித்துக்கொண்டால், பேட்டரியையோ அதன் டெர்மினலையோ சந்தேகப்படலாம். லைட் பளிச்சென்று இருந்து ஒற்றை 'டக்' மட்டும் வந்தால், எர்த்தையும் செல்ஃபுக்குப் போகும் ஒயரையும் அளந்து பார்க்காமல் எதையும் மாற்ற விடாதீர்கள். மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். கழற்றிய பொருளை உங்கள் டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். பேட்டரி என்றால் சீரியல் நம்பரோடு பில், தேதி போட்டு முத்திரை குத்திய வாரன்டி கார்டு இரண்டையும் கேளுங்கள். என்னிடம் இருந்தது துண்டுச்சீட்டும் யுபிஐ ரசீதும்தான். அதை வைத்துக்கொண்டே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

ஒர்க்‌ஷாப்புக்கும் நேரில் போனேன். பணத்தைப் பற்றி எடுத்ததுமே, "அன்னிக்கு ஸ்டார்ட் ஆச்சா இல்லையா சார்?" என்று திருப்பிக் கேட்டார். என் பழைய செல்ஃபையாவது கொடுங்கள் என்றேன். "கடைக்குள்ளதான் சார் கெடக்கும், பையன் வந்ததும் தேடச் சொல்றேன்" என்றார். பையன் மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறான்.