ஒரே ராடு, ஏரியில் விரால், கழிமுகத்தில் கொடுவா: ஒரு வருட அனுபவம்

போன ஆடியில் 3,800 ரூபாய்க்கு மீன் பிடிக்க ஒரு தூண்டில் ராடு வாங்கினேன். ஏழு அடி, மீடியம் ஹெவி, அதாவது கொஞ்சம் விறைப்பான வகை. கூடவே 3000 அளவு ரீல், 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு நரம்பு (பின்னிய தூண்டில் நூல்). விராலுக்கும் கொடுவாவுக்கும் இந்த ஒரு செட்டே போதுமா என்று கடையில் கேட்டேன். போதும் என்றார்கள். ஒரு வருடம் இரண்டு தண்ணீரிலும் வீசிப் பார்த்துவிட்டேன். ராடு போதும். மற்றதையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது.

செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊர் ஏரியில் தாமரை மண்டிக் கிடக்கும். சித்தப்பா அங்கே மூங்கில் கழியில் உயிர்த் தவளையைக் கோத்து விரால் பிடித்தவர். நான் ரப்பர் தவளை போடுகிறேன். முள் இரண்டும் முதுகோடு ஒட்டி இருப்பதால் இலையில் மாட்டாது. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். அது குமிழி விட்ட இடத்தைத் தாண்டி வீசி, இலை மேல் தத்தித் தத்தி இழுத்து வந்தால், தண்ணீர் வெடித்த மாதிரி ஓர் அடி விழும். உடனே கை துடிக்கும். "அடிச்சதும் சுண்டாதடா, வாயில வாங்கித் திரும்பட்டும்" என்பார் சித்தப்பா. ஒன்று, இரண்டு என்று எண்ணி, நரம்பு கனத்ததும் சுண்ட வேண்டும். ட்ராக், அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக், முழுக்க இறுகி இருக்கணும். தண்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டால் மீன் போச்சு. ஒன்றரைக் கிலோ விராலை இந்த ராடு கொடியோடு பெயர்த்துக்கொண்டு வந்தது. அடிப்பாகத்தின் பலத்துக்கு முழு மார்க்.

செம்மஞ்சள் குஞ்சுகள் மேலே கூட்டமாக மினுங்கும் இடத்தில் மட்டும் வீசாதீர்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அவற்றைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரை.

சரி, கொடுவா. மார்கழியில் அதே இறுகிய ட்ராக்கோடு பழவேற்காடு போனேன். படகுக்கார அண்ணன், "தம்பி, தண்ணி ஓடினாத்தான் அது வாயத் திறக்கும்" என்று முகத்துவாரத்துக்கு அருகே காத்திருக்க வைத்தார். தண்ணீர் வற்றும்போது ஓடைகளிலிருந்து இறாலும் பொடிமீனும் அடித்துக்கொண்டு வரும். கொடுவா ஓட்டத்தை எதிர்த்து ஓரத்தில் நிற்கும். மின்னோ லூரை (சின்ன மீன் வடிவப் பொய் இரை) இரண்டு முறை வெட்டி இழுத்ததுமே கவ்வியது. அப்புறம் தலையை உதறிக்கொண்டு ஒரு துள்ளல். லூர் திரும்பி வந்தபோது மும்முள் நிமிர்ந்திருந்தது. அடுத்த மீன் செவுள் மூடியின் கூரான விளிம்பால் நரம்பையே அறுத்தது.

அதற்கப்புறம் தடித்த முள், நரம்பு நுனியில் மூன்றடிக்கு 40 பவுண்டு லீடர் (அறுபடாமல் காக்கும் தடித்த நரம்புத் துண்டு), இளக்கிய ட்ராக். துள்ளும்போது ராடு நுனியைத் தாழ்த்தி, நரம்பு தொய்யாமல் சுற்ற வேண்டும். தை மாதம் நான்கு கிலோ மீன் ஒன்று இருபது நிமிடம் விளையாட்டுக் காட்டிவிட்டுப் படகுக்கு வந்தது. அடிக்கு விரால்தான். போராட்டத்துக்குக் கொடுவாவை மிஞ்ச எங்கள் பக்கம் எதுவும் இல்லை என்பேன். கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன், பெரியவை பெரும்பாலும் சினைத் தாய்கள். அதனால் மிகப் பெரியது மாட்டினால் விட்டுவிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

ராடில் குறையும் உண்டு. நுனி விறைப்பு, பத்து கிராமுக்குக் கீழே உள்ள ரப்பர் இறாலை வீசினால் தூரம் போகாது. ரீல்தான் பெரிய ஏமாற்றம். உப்புத் தண்ணீரில் மூன்று முறை போனதும் நரம்பு உருளும் சக்கரம் இறுகிவிட்டது. உப்புத் தண்ணீருக்கு வாரண்டி கிடையாது என்பதைக் கடையில் அதன் பிறகுதான் சொன்னார்கள்.

ஏரிக்கு மட்டும் போகிறவர்கள் இந்த செட்டை அப்படியே வாங்கலாம். கழிமுகத்துக்கும் போவதென்றால் ராடை மட்டும் வாங்குங்கள், ரீலுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள், வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.