ஐபிவி6 பாதை உடைந்தால்: வரிசையாக முயல்வதா, போட்டி போட விடுவதா?

ஒரு சர்வருக்கு ஐபிவி6 (இணைய முகவரி முறையின் புதிய பதிப்பு; பழையது ஐபிவி4) முகவரி கிடைக்கிறது, ஆனால் அதற்கான பாதை செத்துக் கிடக்கிறது. ஒவ்வொன்றாக முயலும் பழைய முறையில், டைம்அவுட் ஆன (காத்திருப்புக் கெடு முடிந்த) பிறகுதான் மென்பொருள் ஐபிவி4 பக்கம் திரும்பும்; லினக்ஸின் இயல்பு அமைப்பில் இதற்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும், அவ்வளவு நேரம் எந்தப் பயனரும் காத்திருக்க மாட்டார். ஹேப்பி ஐபால்ஸ் முறையோ (ஆர்எஃப்சி 8305 என்ற இணையத் தர ஆவணம், 2017) ஐபிவி6-ஐ முதலில் தொடங்கி, சுமார் 250 மில்லிசெகண்டில் இணையாவிட்டால் அதைக் கைவிடாமலேயே ஐபிவி4-ஐயும் தொடங்கி, எது முந்துகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்திவிடும். என் ஓட்டு இதற்குத்தான். நிரல் கொஞ்சம் சிக்கலாகும், சரி, பரவாயில்லை. ஆனால் உடைந்த ஐபிவி6 யார் கண்ணிலும் படாமலே போய்விடும், அதனால் தோற்ற முயற்சிகளைக் கட்டாயம் லாகில் (நிரலின் பதிவேட்டில்) பதியுங்கள். அப்புறம், இணைப்பு உருவான பின் பெரிய பாக்கெட்டுகள் மட்டும் தொலைந்துபோகும் எம்டியு (பாதை ஏற்கும் அதிகபட்ச பாக்கெட் அளவு) கோளாறை இந்த இரண்டு முறைகளாலுமே கண்டுபிடிக்க முடியாது. அதற்குத் தரவு வரும் கட்டத்திலும் தனியாக ஒரு டைம்அவுட் வைக்க வேண்டும்.